காலில் சுருண்டு புடைக்கும் நரம்பு: நின்று வேலை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

கொழுந்து எடுக்கும் அக்காமார், தேயிலைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க சீமெந்துத் தரையில் நிற்பவர்கள், இலங்கை மலையகத்து ஹட்டன் பஜாரில் கடையில் நிற்கும் தம்பிமார், கரும்பலகையை விட்டு நகராத டீச்சர்மார். இவர்களில் பலருடைய கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாக நரம்பு சுருண்டு தடித்திருப்பதைப் பார்க்கலாம். டொக்டர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்பார்கள். நம் ஆட்களோ "வேலை செய்தால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் வந்த பிறகுதான் டிஸ்பென்சரிப் பக்கம் போகிறார்கள்.

அந்தப் புண் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் அதற்குப் பல வருடங்கள் எடுக்கும். அந்த வருடங்களில் வீட்டிலும் கொழுந்து எடுக்கும் மலையிலும் என்ன செய்யலாம், எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்திலிருந்து காலுக்கு வந்த இரத்தம் திரும்ப மேலே போக வேண்டும். அதைக் கொண்டுபோகும் குழாய்களுக்குள் இடைக்கிடை சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி அவை இரத்தத்தை மேலே விடும், கீழே இறங்க விடாது. இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தைப் பிழிந்து அனுப்புகிறது.

அசையாமல் நின்றால் அந்தப் பிழிதல் நின்றுபோகும். இரத்தம் காலிலேயே தேங்கும். அழுத்தம் கூடிக் குழாய் விரியும், வால்வுகள் ஒன்றோடொன்று சேராமல் போகும், மேலே போன இரத்தம் திரும்பக் கீழே வழியும். தோலுக்கு அடியில் இருக்கும் குழாய்தான் இப்படிப் புடைத்து நெளிகிறது. நாம் நரம்பு என்று சொல்வது இந்த இரத்தக் குழாயைத்தான். உட்கணுக்காலிலிருந்து தொடையின் உள்பக்கம் வழியாக இடுப்பு மடிப்பு வரை போகும் நீளமான குழாயில்தான் இது அதிகம் வரும்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்புக் கூடும். பிள்ளைப்பேறு, வயது, உடல் எடை, முன்பு காலில் இரத்தம் உறைந்திருப்பது ஆகியவையும் காரணங்கள். "மலை ஏறி இறங்கித்தான் கால் இப்படிப் போச்சு" என்று பலர் சொல்வார்கள். ஏறி இறங்கும் நடை கெண்டைக்கால் தசைக்கு நல்ல வேலை கொடுப்பதுதான். தேயிலைச் செடி வரிசையான நிரையில் அரை அடி அரை அடியாக நகர்ந்து மணிக்கணக்கில் நிற்பதும், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வரிசையில் நிற்பதும்தான் இந்தக் குழாய்களைச் சோதிப்பவை.

படி 1: காலைச் சரியாகப் பார்ப்பது

பின்னேரம் வேலை முடிந்து கால் கழுவிய பிறகு பாருங்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் புடைப்பு அடங்கிவிடும். வெளிச்சமான இடத்தில், முழங்காலுக்கு மேல் துணியை உயர்த்திக்கொண்டு, இரண்டு நிமிடம் நின்ற பிறகு பார்க்க வேண்டும். காலின் பின்பக்கத்தைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் வேண்டும். மகளையோ புருஷனையோ கூப்பிடுங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அப்புறம் ஒரு தையல் டேப்பால் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றளவை எடுங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. டேப் இல்லாவிட்டால் நூல் போதும், முடிச்சுப் போட்டு அடையாளம் வைக்கலாம். பின்னேரம் தெளிவாகக் கூடியிருந்தால் காலில் நீர் கோர்க்கிறது என்று அர்த்தம்.

கால் வீங்கினாலே யானைக்கால் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, முகமும் ஊதி, அல்லது மூச்சு வாங்கினால், இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அதற்கு இந்தச் செய்முறை போதாது, டொக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

சிலந்தி வலை போல மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் மட்டும் இருந்தால் அவசரம் எதுவும் இல்லை. கயிறு போலத் தடித்த நரம்பு, பின்னேரத்தில் கால் பாரம், இராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, அரிப்பு, வீக்கம் இருந்தால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் தொடங்கிவிட்டு, வசதியான நாளில் டொக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது நிலையைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். உட்கணுக்காலுக்கு மேலே தோல் கபில நிறமாகும். தேங்கிய இரத்தம் கசிந்து, அதிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் நிறம் அது. தோல் காய்ந்து செதில் உதிரும், சொறி மாதிரி அரிக்கும், தொட்டால் மரப்பலகை போல இறுகியிருக்கும். வெயிலில் கறுத்தது என்று இதை விட்டுவிடாதீர்கள். புண் வரப்போகும் இடம் இதுதான். இந்த நிறத்தைப் பார்த்தால், வலி இல்லாவிட்டாலும், அந்த மாதத்துக்குள்ளேயே வைத்தியசாலைக்குப் போங்கள்.

படி 3: கெண்டைக்காலை வேலை வாங்குவது

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாக உயர்த்தி, முன்பாதத்தில் நின்று, மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து தடவை. காலை, மாலை, முடிந்தால் மத்தியானம். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைத்தாலும் பலன் உண்டு.

வேலை நேரத்திலும் இதைச் செய்யலாம். நிரையில் நிற்கும்போது எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள். மடுவத்து வரிசையில் சும்மா நிற்காமல் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தொழிற்சாலையில் நிற்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை நாலு எட்டு நடந்துவிட்டு வர முடிந்தால் நல்லது. பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்துக்கொண்டால் வெட்கமும் போய்விடும்.

இரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து முழங்காலுக்குக் கீழே கயிறோ இறுக்கமான றப்பர் வளையமோ கட்டும் பழக்கம் இருந்தால் தளர்த்திக் கட்டுங்கள். அந்த இடத்தில் இறுக்கினால் கீழே இரத்தம் இன்னும் தேங்கும்.

படி 4: காலை உயர்த்தி வைப்பது

ஸ்டூலில் கால் வைத்து உட்கார்வது போதாது. பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பாயில் மல்லாந்து படுத்து, தலையணை இரண்டையும் மடித்த கம்பளியையும் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள். குதிகாலில் பாரம் இறங்கக் கூடாது. பதினைந்து நிமிடம் அப்படியே இருங்கள். வேலை விட்டு வந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறையாவது. கட்டில் இருந்தால் கால்மாட்டுக்கு ஒரு செங்கல் வைத்து உயர்த்தலாம். இதய நோய் இருப்பவர்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மலையிலிருந்து வந்த பெண் உடனே தண்ணீர் எடுக்கவும், ரொட்டி தட்டவும், துணி துவைக்கவும் நிற்கிறாள். அவளுக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுங்கள். தேத்தண்ணியை வேறு யாராவது ஊற்றலாம்.

நுவரெலியாக் குளிரில் அடுப்பின் முன் கால் நீட்டிக் காய்வதும், சுடுதண்ணீரில் கால் ஊறப் போடுவதும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் சூடு குழாய்களை விரிக்கும், வீக்கம் கூடும். உடம்பைக் கம்பளியால் போர்த்திக்கொள்ளுங்கள், காலை நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். புடைத்த நரம்பை எண்ணெய் போட்டு அழுத்தி உருவவும் வேண்டாம். பாமசியில் வாங்கும் விற்றமின் மாத்திரை இந்தப் புடைப்பைக் குறைக்காது. அந்தக் காசை அடுத்த படிக்கு வையுங்கள்.

படி 5: இறுக்கமான காலுறை

கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறை இது. சாதாரண சப்பாத்துக் காலுறை இந்த வேலையைச் செய்யாது. வாங்கும் முன் டொக்டரிடம் பாதத்தின் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பாதத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி அடைபட்டிருந்தால் இந்தக் காலுறை காலுக்கே ஆபத்தாகிவிடும்.

அளவை வீக்கம் இல்லாத காலை நேரத்தில் எடுக்க வேண்டும். கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம் என்று மூன்று அளவு. பொதுவாக முழங்காலுக்குக் கீழே நிற்கும் காலுறை போதும். அழுத்தம் எத்தனை என்பதை டொக்டர் எழுதித் தருவார். வகுப்பு ஒன்று என்றால் 18 முதல் 21 வரை, வகுப்பு இரண்டு என்றால் 23 முதல் 32 மில்லிமீற்றர் மேர்க்குரி வரை என்பது ஒரு வழக்கமான கணக்கு.

போடும் முறை இப்படி. படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போடுங்கள். கையை உள்ளே விட்டுக் குதிப் பகுதியைப் பிடித்து, அதுவரைக்கும் காலுறையை உள்வெளியாகத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்து, குதி சரியான இடத்தில் உட்கார்ந்த பிறகு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் றப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். சுருக்கம் இருக்கக் கூடாது. நீளம் கூடிவிட்டது என்று மேல் விளிம்பை மடித்து விடவே கூடாது, மடித்த இடம் கயிறு கட்டியது போல இறுக்கும். இராத்திரி படுக்கும்போது கழற்றலாம். விரல் விறைத்தால், நீலமானால், வலித்தால் உடனே கழற்றுங்கள்.

மழைக்காலத்தில் நம் பக்கம் துணி காய இரண்டு நாள் எடுக்கும் என்பதால் இரண்டு சோடி இருந்தால்தான் சரிவரும். அடுப்புக்கு மேலே காயப் போட்டால் இழுவை போய்விடும். மூன்று முதல் ஆறு மாதத்தில் புதிது மாற்ற வேண்டும். இதற்குப் பதிலாகக் கிரேப் பேண்டேஜை நீங்களே சுற்றாதீர்கள். பழகாத கை மேலே இறுக்கமாகவும் கீழே தளர்வாகவும் கட்டிவிடும். இன்னொன்று, காலுறை வீக்கத்தையும் பாரத்தையும் குறைக்கும், பழுதான வால்வைத் திருத்தாது.

படி 6: தோலைக் காப்பது

தினமும் கழுவி, ஈரம் ஒற்றி, வாசனை இல்லாத களிம்போ வாஸ்லினோ தடவுங்கள். அரித்தாலும் நகத்தால் சொறியாதீர்கள். அட்டை கடித்த இடம் நிறையவே அரிக்கும். கணுக்காலுக்கு மேலே கபில நிறத் தோலில் சொறிந்த கடிவாய் ஆறாத புண்ணாக மாறலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஆறுகிறதா என்று பாருங்கள். இரண்டு கிழமையில் ஆறாத புண்ணை டொக்டர் பார்த்தாக வேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் அதில் வைக்காதீர்கள். இந்தப் புண்ணை ஆற்றுவது முறையாகக் கட்டும் அழுத்தக் கட்டுத்தான்.

உடனே செயல்பட வேண்டிய நேரங்கள்

புடைத்த நரம்பு வெடித்தால் இரத்தம் பீறிடும், பார்க்கப் பயமாக இருக்கும். நிற்கவோ உட்காரவோ வேண்டாம். அந்த இடத்திலேயே படுங்கள், காலை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள், சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். மேலே கயிறு கட்டாதீர்கள். இரத்தம் நின்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் ஆழமான குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே போங்கள், காலை உருவாதீர்கள். அதோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கு வண்டி ஏற முடியாவிட்டால் எந்தச் சந்திக்கு ஆளைக் கொண்டுவருவது என்று போனிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது

இந்தக் காலத்தில் புடைப்பு கூடும். பிள்ளை பிறந்து சில மாதங்களில் பலருக்குத் தணிந்துவிடும். இடது பக்கம் சரிந்து படுங்கள், காலுறை பற்றி கிளினிக்கில் கேளுங்கள். சத்திர சிகிச்சை பற்றிய பேச்சைப் பிள்ளைப்பேறுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 7: டொக்டரிடம் போவது

தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று கிட்டவுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும் என்ற கவலையில் நம் பெண்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும் ஒரு புண் வந்துவிட்டால் போகும் பேர்கள் எத்தனையோ மடங்கு.

எப்போது தொடங்கியது, எத்தனை பிள்ளைகள், குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது, நீரிழிவு உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா, முன்பு காலில் இரத்தம் உறைந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களத்தில் பேசத் தயங்குபவர்கள், பேசத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். முழங்காலுக்கு மேல் சுலபமாக உயர்த்தக்கூடிய உடுப்பு உடுத்துங்கள், நிற்க வைத்துத்தான் பார்ப்பார்கள். எந்த வால்வு பழுது என்று, இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன் காட்டும். அதில் வலி இல்லை, ஊசி இல்லை.

சிகிச்சை மூன்று விதம். லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் குழாயை உள்ளிருந்தே மூடுவது, நுரை மருந்தை ஊசியால் ஏற்றி மூடுவது, கீறி எடுப்பது. எது பொருந்தும் என்பது ஸ்கேனையும் அந்த வைத்தியசாலையின் வசதியையும் பொறுத்தது. "நரம்பை எடுத்தால் கால் இழுத்துக்கொள்ளும்" என்ற பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. காலின் இரத்தத்தில் பெரும்பங்கு, சுமார் பத்தில் ஒன்பது பங்கு, ஆழமான குழாய்கள் வழியாகத்தான் திரும்புகிறது. இதயத்துக்கு பைபாஸ் செய்யும்போது காலிலிருந்து எடுப்பதும் பெரும்பாலும் தோலுக்கு அடியிலுள்ள இந்த நீளமான குழாயைத்தான். அவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள்.

சிகிச்சை முடிந்ததும் நடக்கச் சொல்வார்கள், படுத்தே கிடக்க வேண்டாம். வருடங்கள் கழித்து வேறு குழாயில் திரும்பவும் வரலாம் என்பதால் குதிகால் பயிற்சியை விடாதீர்கள். வேலைக்கு எந்த நாள் திரும்பலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை டொக்டரிடம் எழுத்தில் வாங்கி, ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தோட்ட ஆபீசில் கொடுங்கள்.