வேலையை விட்டுப் பாய்மரப் படகில் குடியேறும் முன்...

கணவன் மனைவி இருவரும் வேலையை விட்டுவிட்டுப் பாய்மரப் படகிலேயே குடியிருப்பது கரீபியன் தீவுகள் பக்கம் அதிசயமில்லை. அந்த ஆசை உங்களுக்கும் இருந்தால், படகு விலையை விசாரிக்கும் முன் வீட்டில் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்: குழாயை மூடிவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு 20 லிட்டர் கேன் தண்ணீர். குடிக்க, சமைக்க, குளிக்க, இருவருக்கும் எல்லாம் அதில்தான்.

நடுத்தரப் படகின் தொட்டியில் சில நூறு லிட்டர்தான் பிடிக்கும். அதனால் பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, கடைசியாக ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். உப்பு அப்படியே காய்ந்தால் எவர்சில்வரிலும் துரு தட்டும். துறைமுகத்துக்குள் மட்டும் கடல்நீரை மொள்ளாதீர்கள், டீசல் மிதக்கும். குளியலும் அப்படித்தான். கடலில் ஒரு முங்கு, பிறகு செடிக்கு மருந்து அடிக்கிற மாதிரி ஒரு புது ஸ்பிரேயரில் 2 லிட்டர். நீளக் கூந்தல்காரர் பாடு திண்டாட்டம்தான்!

அப்புறம் பணம். படகு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். பலர் தெற்கே கிரெனடா, டிரினிடாட் என்று ஒதுங்குவார்கள். ஆனால் கிரெனடாவையே 2004இல் ஐவன் புயலும் 2024இல் பெரில் புயலும் புரட்டிப் போட்டன. அந்த மாதங்களில் படகு எங்கே நின்றால் காப்பீடு செல்லும் என்பதை, கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.