ஹவியேர்: இந்த ஸ்பானியப் பெயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவியேர் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று தேடினால், குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் 'ஒளிமிக்கவன்', 'பிரகாசமானவன்' என்கின்றன. சில பட்டியல்கள் அரபு மொழியிலிருந்து வந்தது என்றும் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டையும் நம்ப வேண்டாம். இது ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியிலிருந்து வந்த பெயர். அந்த மொழியில் 'எச்செ' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. எச்செபெர்ரி, அதாவது புது வீடு. ஸ்பெயினின் வடக்கே, நவார்ரா பகுதியில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது. அக்கம்பக்கத்து மக்களின் வாயில் தேய்ந்து 'ஷவியேர்' ஆனது.

ஊர்ப் பெயர் ஆள் பெயரானது ஒரே ஒருவரால். அவர் நமக்கு நன்றாகத் தெரிந்த புனித பிரான்சிஸ் சவேரியார். 1506 ஏப்ரல் 7 அன்று அந்த ஊர்க் கோட்டையில் பிறந்தார். அவருக்கு வைத்த பெயர் பிரான்சிஸ்கோ மட்டும்தான். அப்பா ஹுவான் தெ ஹாசோ, அம்மா மரியா தெ அஸ்பில்குவெத்தா. நம்மூரில் இனிஷியலில் ஊரைச் சேர்ப்பது போலத்தான் 'ஷவியேர்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1622-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருடைய புகழோடு சேர்ந்தே இது ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகப் பரவியது.

அவரை வெறுமனே 'ஸ்பெயின்காரர்' என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது. அவர் பிறந்தபோது நவார்ரா தனி அரசு. அப்பா அந்த அரசரின் ஆலோசனை மன்றத் தலைவர். 1512-இல் ஸ்பெயின் படையெடுத்து நாட்டைப் பிடித்தது. 1516-இல் கோட்டையின் கோபுரங்களையும் இடித்தார்கள். பத்து வயதுப் பிள்ளையாக அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். 'புது வீடு' என்ற பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும்போது, 'பிரகாசமானவன்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது அநியாயம்.

அடுத்து உச்சரிப்பு. ஸ்பானிய எழுத்தில் முதல் எழுத்து 'ஜே'. அதைப் பார்த்து 'ஜேவியர்', 'ஜாவியர்' என்று தமிழில் எழுதிவிடுகிறோம். ஸ்பானியத்தில் அது தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. அழுத்தம் கடைசி அசையில்: ஹ-வியேர். பழைய ஸ்பானியத்தில் இதை 'எக்ஸ்' போட்டு எழுதி 'ஷ' என்று உச்சரித்தார்கள். பிறகு ஒலி 'ஹ'வாக மாறியது. 1815-இல் ஸ்பானிய மொழிக் கழகம் எழுத்தையும் மாற்றியது. ஆனால் மெக்சிகோ தன் பெயரில் பழைய எழுத்தை விடாமல் வைத்திருக்கிறது. உச்சரிப்பு என்னவோ 'மெஹிகோ'தான்.

பாஸ்க், கத்தலான், போர்ச்சுகீசிய மொழிகளில் இந்தப் பெயரில் 'எக்ஸ்' இன்றும் இருக்கிறது. அதனால் கால்பந்து பார்ப்பவர்கள் கவனிக்க: சாவி எர்னாண்டஸ் கத்தலான் ஊர்க்காரர், சாபி அலோன்சோ பாஸ்க் ஊர்க்காரர், ஹாவி மார்த்தினெஸ் நவார்ராக்காரர். மூவருக்கும் பெயர் ஒன்றே, மொழி வேறு. எல்லோரையும் 'ஹாவி' ஆக்கிவிடக் கூடாது.

'சேவியர்தான் சரி, சவேரியார் நாம் சிதைத்தது' என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அந்தக் கரையில் செல்வாக்கோடு இருந்தது போர்ச்சுகீசியர்கள். அவர்கள் வாயில் அது 'ஷவியேர்'. அதைக் கேட்ட நம் கடற்கரை 'சவேரியார்' என்றது. 'சேவியர்' என்பது பின்னால் வந்த ஆங்கில உச்சரிப்பு. அப்படிப் பார்த்தால் தூத்துக்குடிப் பக்கத்துச் சவேரிமுத்துவின் பெயர்தான் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல். ஸ்பெயினின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 'ஹவியேர்', 'பிரான்சிஸ்கோ ஹவியேர்' இரண்டையும் தனித்தனிப் பெயர்களாகப் பட்டியலிடுகிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும். இரண்டுமே நடுவயது ஆண்களிடம் அதிகம். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு ஊகோ, மாத்தேயோ, மார்த்தின் போன்ற பெயர்களே முன்னால் நிற்கின்றன. பெண்பால் வடிவமான ஹவியேராவைச் சிலி நாட்டில் நிறையப் பார்க்கலாம்.

கடைசியாகக் குடும்பப் பெயர். மெக்சிகோ வீரர் ஹவியேர் எர்னாண்டஸ் பல்காசர் பெயரில் எர்னாண்டஸ் அப்பா வழி, பல்காசர் அம்மா வழி. அவருடைய அப்பாவும் ஹவியேர் எர்னாண்டஸ்தான், அவரும் கால்பந்து வீரர்தான். அம்மா வழிப் பெயரை வைத்தே இருவரையும் பிரித்தறியலாம். சரி, சுருக்கமாக எழுத வேண்டும் என்றால்? 'எர்னாண்டஸ்' என்று எழுதுங்கள். கடைசியில் வருகிறதே என்று 'பல்காசர்' என எழுத வேண்டாம்.