இண்டோர் யூனிட்டில் ஐஸ் கட்டினால்: கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

ஏசி ஓடியும் அறை குளிராமல், இண்டோர் யூனிட்டிலிருந்து நீர் சொட்டத் தொடங்கினால், முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றிக் கூலிங் காயிலைப் பாருங்கள். அதில் ஐஸ் படிந்திருந்தால், அது எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்பதை உருகுவதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டறிய அதைவிட நல்ல தடயம் வேறில்லை.

பிறகு கூல் மோடை நிறுத்தி, ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். வழியும் நீருக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ ஐஸைச் சுரண்டவே கூடாது, ஏனெனில் செம்புக் குழாயில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் கேஸ் முழுவதும் வெளியேறிவிடும்.

காயில் முழுவதும் பரவலாக ஐஸ் படிந்திருந்தால், பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் தடை இருக்கும். குழாய்க்குள் ஆவியாகிக் குளிரூட்டும் கேஸுக்கு அறைக் காற்றின் வெப்பம் போதிய அளவு கிடைக்காதபோது, காயில் 0 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைகிறது. உறைந்த ஐஸ் காற்றை மேலும் அடைக்கிறது. ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபில்டரைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காயிலின் தகடுகளை மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். அடுத்து, காற்று வெளிவரும் வழியே டார்ச் அடித்து, காற்றைத் தள்ளும் உருளை விசிறியான ப்ளோயரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு கோடைகளில் கேஸ் நிரப்பியும் ஐஸ் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் ப்ளோயர் இதழ்களுக்கிடையே தூசி கம்பளித் துணிபோல் அப்பிக் கிடந்தது. அதை மெக்கானிக்கைக் கொண்டு ஜெட் வாஷ் செய்த பிறகே ஐஸ் கட்டுவது நின்றது.

மாறாக, காயிலின் ஒரு பகுதியில் மட்டும் ஐஸ் இருந்து மற்றப் பகுதி காய்ந்திருந்து, அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் இணையும் இடத்திலும் வெண்பனி படிந்திருந்தால், கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏசிகளில் உள்ள ஆர்-32, ஆர்-410ஏ ஆகிய இரு வகைக் கேஸிலும், காயிலில் அழுத்தம் மெக்கானிக்கின் கேஜில் ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்த அலகு) கீழே போனால், குழாய்க்குள் கேஸ் கொதிக்கும் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே சென்றுவிடும்.

கேஸ் என்பது பெட்ரோல்போல் எரிந்து தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய சுற்றில் ஓடும் அது குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஆண்டுதோறும் நிரப்பிக்கொண்டிருப்பது வீண்செலவு. கசியும் இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளியேறுவதால், குழாய்களை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். அங்கே சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்து, கசிவை அடைத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்கம் செய்து (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), யூனிட்டின் பெயர்ப்பலகையில் உள்ள அளவுக்கு எடைபோட்டுக் கேஸ் நிரப்பும்படி மெக்கானிக்கிடம் வற்புறுத்துங்கள். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆகவே அந்த வேலை நடக்கும்போது அருகில் நெருப்பு கூடாது.

காற்றோட்டம், கேஸ் இரண்டும் சரியாக இருந்தும் ஐஸ் கட்டினால், காயிலில் செருகப்பட்டிருக்கும் சென்சார் தன் இடத்திலிருந்து நழுவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காயில் அளவுக்கு மீறிக் குளிரும்போது கம்ப்ரசரை நிறுத்தச் செய்வது அதுதான்.