சிஏ 125 அறிக்கையைப் படிக்கும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர் போன்ற ஊர்களில் பெண்களுக்கான முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில், சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய சிஏ 125 இரத்தப் பரிசோதனையும் சேர்க்கப்படுவதுண்டு. அதில் எண் சற்றுக் கூடினாலே வீட்டில் உள்ள அனைவரும் கலங்கிப் போகிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்பதை அறிந்த பிறகே அறிக்கையைப் படிக்க வேண்டும்.

சிஏ 125 என்பது எம்யூசி 16 என்னும் மியூசின் புரதத்தின் ஒரு பகுதியாகும். கம்பங்கதிரின் தண்டைச் சுற்றி மணிகள் நெருங்கியிருப்பதைப் போல, மியூசினின் புரதத் தண்டைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கும். நலமான உடலில் இந்தப் போர்வை ஒரு காவல். பெருங்குடலில் எம்யூசி 2 என்னும் மற்றொரு மியூசின் உருவாக்கும் சளிப்படலம் பாக்டீரியாக்களைக் குடற்சுவரிலிருந்து விலக்கி நிறுத்துகிறது என்பதும், அந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் குடலில் புற்றுக்கட்டிகள் தோன்றின என்பதும் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன.

புற்றுநோய் செல்கள் இதே காவலைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. மியூசின் மிகுதியாக உற்பத்தியாகிறது. சர்க்கரைச் சங்கிலிகள் பலவும் குறுகி, முனையில் சியாலிக் அமிலத்தைத் தாங்கி நிற்கின்றன. அந்த அமிலத்தை உணரும் சிக்லெக் என்னும் ஏற்பிகள் நோயெதிர்ப்புச் செல்களில் உள்ளன. இவற்றுள் பல, உடலின் சொந்தச் செல்லைத் தொட்டதாகக் கொண்டு தாக்குதலை அடக்கிவிடுகின்றன. எம்யூசி 16 அடர்ந்த செல்லை, நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான இயற்கைக் கொல்லி செல்கள் நெருங்கிப் பற்றுவதும் கடினம். அதே புரதம் வயிற்றறையின் உட்படலத்திலுள்ள மீசோதீலின் என்னும் புரதத்தோடு இறுகப் பிணைவதால், சினைப்பைப் புற்றுசெல்கள் வயிற்று நீரில் மிதந்து சென்று வேறிடங்களில் ஒட்டி வளர வழி கிடைக்கிறது. செல்லிலிருந்து அறுந்து இரத்தத்தில் கலக்கும் அதன் துண்டையே பரிசோதனைக் கூடம் அளக்கிறது.

இனி அறிக்கைக்கு வருவோம். பொதுவான எல்லை மில்லிலிட்டருக்கு 35 அலகுகள். எல்லையைத் தாண்டியிருந்தால், இரத்தம் எடுத்த நாளில் மாதவிடாய் இருந்ததா, கர்ப்பமா, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்தல்), கர்ப்பப்பை நார்க்கட்டி, கல்லீரல் சுருக்கம் ஆகியவற்றில் ஏதேனும் உண்டா, அண்மையில் வயிற்றறுவை நடந்ததா என்று முதலில் பாருங்கள். இவை அனைத்தும் எண்ணை உயர்த்தக்கூடும். வயிற்றுக் காசநோயும் நீர் கோத்தலையும் மிக உயர்ந்த எண்ணையும் சேர்த்தே தருவதால், நம் நாட்டில் அதைச் சோதித்து விலக்காமல் புற்றுநோய் என்று முடிவு கட்டுவது தவறு.

எண் எல்லைக்குள் இருப்பதனாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. முதல் நிலையிலுள்ள சினைப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இது உயர்வதில்லை. ஆகவே வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், எண்ணைப் பொருட்படுத்தாமல் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடம் சென்று ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அறிகுறி எதுவும் இல்லாத பெண் இப்பரிசோதனையைத் தானாகச் செய்துகொள்ளத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து: பிரிட்டனில் 2,00,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2021இல் முடிவு வெளியான ஆய்வில், இத்தகைய முன்சோதனை உயிரிழப்பைக் குறைக்கவில்லை.

சிகிச்சை பெறுவோருக்குத்தான் இந்த எண் பெரிதும் உதவுகிறது. ஒருமுறை கோபியிலும் மறுமுறை கோவையிலுமாக மாற்றாமல் ஒரே கூடத்தில், ஒரே முறையில் அளந்து, அறிக்கைகளைத் தேதி வரிசையில் கோத்து வையுங்கள். கூடங்களின் கருவி வேறுபாடே எண்ணை மாற்றிக் காட்டும். பயோட்டின் என்னும் வைட்டமின் கலந்த மாத்திரை உட்கொள்வதையும் சொல்லிவிடுங்கள், சில கருவிகளின் அளவீட்டை அது குலைக்கும். சிகிச்சை முடிந்து எண் மெல்ல ஏறத் தொடங்கும்போது, அறிகுறிகளுக்குக் காத்திராமல் உடனே மருந்து தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் அடுத்த அடியை மருத்துவரோடு கலந்து பேசி எடுக்க அவகாசம் உண்டு.