நமக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இப்போதே செய்யவேண்டியவை

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றோரிடமிருந்து போய்விடுகிறது. பலருக்கு இது வங்கி கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி உண்டு. நீதிமன்றத்துக்கு அலையவேண்டாம். ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவிடம் 'படிவம் ஏ' கொடுத்தால் பாதுகாவலரை நியமிப்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கொடுக்கும் முன் ஆதார், யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), பள்ளிச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால் மனு அங்கேயே நிற்கும்.

70 வயது அப்பா மட்டும் பாதுகாவலராக இருந்தால், அவருக்குப் பின் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே அடுத்தது யார் என்பதை இப்போதே பேசி முடியுங்கள். பொறுப்பேற்பவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் குழுவிடம் தரவேண்டும். இதை மறைத்துச் சம்மதம் வாங்காதீர்கள்.

பணத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. "தம்பியைப் பெரியவன் பார்த்துப்பான்" என்று வீட்டைப் பெரியவன் பேருக்கு எழுதிவிடுவார்கள். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்குக் கடன் வந்தாலோ, அவன் தம்பிக்கு முன்னே போய்விட்டாலோ அந்த வீடு யார் கைக்குப் போகும்? பிள்ளையின் பேரிலேயே நேராக எழுதினாலும் சிக்கல்தான்: விற்கவோ வாடகைக்கு விடவோ கையெழுத்துக்கு ஆள் வேண்டும். 1882-ம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் தனியார் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்துவதே எங்கள் பரிந்துரை. அதை நிர்வகிக்கும் அறங்காவலர் இருவராவது இருக்கட்டும். பராமரிப்பவர் கையிலேயே பணம் முழுதும் வேண்டாம். பிள்ளையின் காலத்துக்குப் பின் மிச்சம் யாருக்கு என்பதையும் பத்திரத்தில் எழுதுங்கள். வீடு, நிலம் சேர்த்தால் பதிவு கட்டாயம். மீதிச் சொத்துக்கு உயில், இரண்டு சாட்சிகளுடன். சொத்துப் பெறுபவரோ அவர் கணவன், மனைவியோ சாட்சி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், அதனாலேயே வாரிசு ஆகிவிடமாட்டார்.

மத்திய அரசு ஓய்வூதியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உயிரோடிருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இத்தனை தாளும் பிள்ளைக்குச் சோறு ஊட்டாது. அதற்கு 40 பக்க நோட்டு ஒன்று போதும். வலிப்பு மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, ஒரு வேளை மாத்திரை தவறினால் டாக்டர் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார் எல்லாம் அதில் இருக்கட்டும். தயிர்சாதத்தில் கடுகு கிடந்தால் துப்புவான், காது வலித்தால் புறங்கையைக் கடிப்பான் என்பதையெல்லாம் அம்மாவைத் தவிர யாரும் எழுத முடியாது. எழுதி முடித்ததும் நோட்டைப் பொறுப்பேற்பவரிடம் கொடுத்து, பிள்ளையை இரண்டு இரவு அங்கே விடுங்கள். போனில் எதையெல்லாம் கேட்டார்களோ, அதெல்லாம் நோட்டில் விட்டுப்போனவை.