தகரம் முதல்ல, எஞ்சின் அப்புறம்: ரிட்டயர் ஆனப்புறம் காண்டசா ரெடி பண்றவங்களுக்கு

ரிட்டயர் ஆயாச்சு, கையில கொஞ்சம் காசு இருக்கு, பொழுதும் இருக்கு, சின்ன வயசுல ஏக்கமா பாத்த வண்டி ஒண்ண எடுத்து நாமளே ரெடி பண்ணணும்னு நெனைக்கறவங்களுக்குத்தான் இது, அதுலயும் தஞ்சாவூர் திருவாரூர் நாகை பக்கம் இருக்கறவங்களுக்கு. அமெரிக்காவுல மசில் கார்னா 1964-ல வந்த போண்டியாக் ஜிடிஓ மாதிரி பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வண்டிங்க, அதெல்லாம் நமக்கு எட்டாது. நம்ம ஊர்ல அந்த நீட்டு மூக்கும் அகல உடம்புமா வந்தது காண்டசாதான். இங்கிலாந்து வாக்ஸால் வண்டியோட பாடிய வச்சு இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல விட்டாங்க, மொதல்ல அம்பாசிடர் எஞ்சின், அப்புறம் ஜப்பான் இசுசு கம்பெனியோட 1.8 லிட்டர் எஞ்சின். இசுசு கெடைச்சா அதையே எடுங்க, ஓட்டறப்ப வித்தியாசம் தெரியும்.

வண்டி வாங்கினதும் எல்லாருக்கும் எஞ்சின் சத்தத்த கேக்கணும்னுதான் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தயவுசெஞ்சு அத தள்ளிப்போடுங்க. எஞ்சின் வேலைக்கு லேத்துக்காரர் இருக்காரு, நல்ல மெக்கானிக் இருக்காரு, தகரம் போச்சுன்னா வண்டியே போச்சு. டெல்டாவுல வண்டிய கொல்றதே கீழ இருந்து ஏறுற ஈரம்தான். நம்ம களிமண்ணு தண்ணிய விடாம புடிச்சு வச்சுக்கும், அது மேல மாசக்கணக்குல நின்ன வண்டிக்கு ஃப்ளோர் அரிச்சிடும், வேதாரண்யம் நாகை பக்கத்து வண்டின்னா உப்புக்காத்தும் சேந்துக்கும்.

நான் எடுத்தது அந்தப் பக்கத்து வண்டி, தென்னந்தோப்பு கொட்டகையில 2018 கஜா புயலுக்கு முன்னாடியிருந்தே நின்னது. மேல பாத்தா பளபளன்னு இருந்துச்சு. டிரைவர் சீட்டுக்கு கீழ கார்ப்பெட்ட தூக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரால லேசா குத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ள போயிடுச்சு, எடுத்துட்டு ஓட்டை வழியா பாத்தா தரை தெரியுது. அதனால விலை பேசறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்த துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க, கதவு அடி ஓரம், வீல் ஆர்ச், டிக்கி ஓரம் எல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டாத எடத்துல தகரம் இல்ல, பட்டி, அதாவது ஓட்டைய நிரப்பற பசை, போட்டு மூடியிருக்காங்கன்னு அர்த்தம். கையோட ஆர்சியில இருக்கற எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் வண்டியில இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாத்துடுங்க, ஓனர் இறந்திருந்தா வாரிசு சான்றிதழ் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

வண்டிய வீட்டுக்கு கொண்டாந்ததும் சிமெண்ட் தரையில நிறுத்துங்க. கழட்டறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ, ஒவ்வொரு ஒயர்லயும் மாஸ்கிங் டேப் சுத்தி எங்க போகுதுன்னு பேனாவால எழுதணும், போல்ட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மேல பேர் ஒட்டணும். எட்டு மாசம் கழிச்சு மாட்டும்போது மூளை உதவாது, அந்த பாட்டில்தான் உதவும். கீழ படுக்கறதா இருந்தா ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க, செங்கல்லும் வேணாம், இரும்பு ஸ்டாண்ட் நாலு வாங்கிடுங்க. டேஷ்போர்ட கழட்டறப்ப எலிக்கூடு இருக்கும், என் வண்டியில வைக்கோல், உமி, ரெண்டு கைப்பிடி நெல்லு, நடுவுல கடிச்ச ஒயரு. ஒட்டுப்போடாம அந்த ஒயரிங்க முழுசா மாத்திடறதுதான் நல்லது, தீப்புடிக்கறது அங்கேருந்துதான்.

தகர வேலைக்கு வயசான டிங்கர் ஒருத்தர தேடிப் புடிங்க. துரு மேல பட்டி போடறவரு வேணாம், அரிச்ச தகட்ட வெட்டி எடுத்துட்டு புது ஷீட்டு வச்சு வெல்டு பண்றவரா இருக்கணும். பெட்ரோல் டேங்க மட்டும் வெல்டிங்குக்கு விடாதீங்க, காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஆவி இருந்தா வெடிக்கும், வேற டேங்க் தேடறது மேல், சென்னை புதுப்பேட்டை இதுக்கெல்லாம் அலையவேண்டிய எடம். வெல்டிங் முடிஞ்ச எடத்துல ஈரம் உள்ள போகாம தடுக்கற எபாக்சி பிரைமர் அடிங்க. பெயிண்டுக்கு முன்னாடி மேடு பள்ளம் தெரியாம இருக்க அடிக்கற சர்ஃபேசர மட்டும் அடிச்சுட்டு மழைக்காலத்துல நிறுத்தினா அது ஈரத்த உறிஞ்சி உள்ளயே துரு வைக்கும். கதவுக்கு அடியில இருக்கற தண்ணி ஓட்டைய பெயிண்டர் அடைச்சிடாம பாத்துக்குங்க.

பெயிண்டுக்கு மாசம் பாக்கணும். நான் அவசரப்பட்டு கார்த்திகையில அடிக்க விட்டேன், காத்துல இருந்த ஈரத்துக்கு பெயிண்டு பால் தெளிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு, எல்லாத்தையும் தேச்சுட்டு மறுபடி அடிச்சோம். தை மாசத்துல அறுவடை தூசி பறக்கும், அதனால மாசி பங்குனிதான் சரி.

இப்ப எஞ்சினுக்கு வாங்க. நின்னு போன எஞ்சின கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஸ்பார்க் பிளக்க கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு நாலஞ்சு நாள் ஊறவிட்டு, அப்புறம் முன்னாடி புல்லி போல்ட்ல ஸ்பானர் போட்டு கையால மெதுவா சுத்திப் பாருங்க. சுத்துச்சுன்னா ஆயில், ஃபில்டர் மாத்துங்க, கார்புரேட்டர கழட்டி சுத்தம் பண்ணுங்க, பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையும் தூக்கிப் போட்டுட்டு எத்தனால் தாங்கற ஹோஸா போடுங்க, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, பழைய ரப்பர அது கெடுத்திடும். பிரேக்குல மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர், ஆயில் எல்லாமே புதுசு, இதுல மட்டும் காசு பாக்காதீங்க, பிரேக் ஆயில் ஈரத்த இழுத்து பைப்ப உள்ளயே துருப்புடிக்க வச்சிருக்கும்.

மொத ஓட்டத்துக்கு பக்கத்து ஆத்தங்கரை ரோட்டுல காலையில ஆளில்லாத நேரமா பாத்து போயிட்டு வாங்க, அஞ்சு கிலோமீட்டர் போதும். வந்ததும் வீல் நட்ட மறுபடி டைட் பண்ணுங்க, ராத்திரி வண்டிக்கு அடியில பெரிய அட்டைய விரிச்சு வைங்க. காலையில பாத்தா எந்த எடத்துல என்ன சொட்டியிருக்குன்னு தெரியும், நடுவுல கறுப்பா இருந்தா எஞ்சின் ஆயில், ஒரு வாஷர்ல சரியாகிடலாம், வீலுக்கு நேரா ஈரம் இருந்தா பிரேக் ஆயில்தான்னு வச்சுக்கிட்டு அன்னிக்கு சாவியத் தொடாதீங்க.