பீங்கான் கிரில்லுக்குக் கரிதான் சரி

மூடி போட்ட பீங்கான் கிரில் வாங்கியவர்கள் கேஸா, கரியா என்று யோசிக்கவே வேண்டாம். அது கரிக்கென்றே செய்தது. தடித்த சுவர் சூட்டைப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் கரியே பல மணி நேரம் தாங்கும்.

திருநெல்வேலிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி நல்ல கனம், நின்று எரியும். தூளைச் சலித்துவிட்டுக் கட்டிக் கரியாகப் போடுங்கள், தூள் காற்றை அடைத்துவிடும். பற்றவைக்க மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த வாடையைப் பீங்கான் உறிஞ்சிக்கொள்ளும்; அப்புறம் உவரியில் வாங்கின அருமையான சீலா மீனிலும் அதுதான் அடிக்கும். காய்ந்த சிரட்டைத் துண்டுகளே போதும். கரி மேல் வெள்ளைச் சாம்பல் பூத்ததும் மீனை வையுங்கள்.

மூடியை முதலில் லேசாகத் தூக்கி, காற்று மெல்ல உள்ளே போகவிட்டு, அப்புறம் முழுதாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் தீ முகத்துக்கு வரும்.